கரடி கிடக்கட்டும், ஆற்றைப் பாருங்கள்

அலாஸ்காவிலும் யூகானிலும் ஆற்றில் டிரெட்ஜ் இறக்கித் தங்கம் தேட ஆசைப்படுகிறவர்களின் கேள்விகளுக்கு மட்டுமே இந்த இதழை ஒதுக்கியிருக்கிறேன். பலரும் முதலில் கேட்டிருப்பது கரடியைப் பற்றி. அதற்கும் பதில் உண்டு. ஆனால் ஆற்றில் இறங்குகிறவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்துகள் இருப்பதால் கரடியைப் பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன்.

மதுரை, பம்ப்செட் மெக்கானிக்: டிரெட்ஜ் எப்படி வேலை செய்கிறது? கல்லும் மண்ணும் உள்ளே போனால் இம்பெல்லர் நொறுங்கிவிடாதா?

கல் பம்புக்குள் போவதே இல்லை. இரண்டு மிதவைகள், அவற்றின் மேல் ஒரு பெட்ரோல் என்ஜின், ஒரு பம்பு. பம்பு தண்ணீரை மட்டும் எடுத்து, குறுகிய வாய் வழியாக உறிஞ்சு குழாய்க்குள் வேகமாகப் பீய்ச்சும். அந்த வேகத்தால் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. ஆற்றடியில் நீங்கள் பிடித்திருக்கும் முனை வழியாக ஜல்லியும் மணலும் தண்ணீரோடு ஏறி வருகின்றன. நீங்கள் தினமும் பிரித்துப் பூட்டும் கிணற்று ஜெட் பம்பின் தத்துவமேதான்.

ஏறி வந்த ஜல்லி, சாய்வாக வைத்த ஸ்லூயிஸ் பெட்டியில் ஓடும். குறுக்கே ரிஃபிள் பட்டைகள், அடியில் கம்பளம். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3, குவார்ட்ஸ் கல்லுக்கு 2.65. கனமானது பட்டைக்குப் பின்னால் விழுந்து கம்பளத்தில் தங்கிவிடும். மற்றதெல்லாம் ஆற்றுக்கே திரும்பும். மாலையில் கம்பளத்தை உதறி, வந்த கறுப்பு மணலைத் தட்டில் அலசினால் மஞ்சள் தெரியும்.

ஸ்பார்க் பிளக், பம்ப் சீல், ஸ்டார்ட்டர் கயிறு, ஹோஸ் கிளாம்ப் எல்லாம் இரண்டிரண்டு வேண்டும். அந்தக் காட்டில் உதிரிபாகக் கடை கிடையாது. உங்களைப் போல ஒருவர் கூட இருந்தால் குழுவுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

சேலம், நகைக்கடை ஊழியர்: ஒரு கோடை முழுக்க உழைத்தால் எத்தனை பவுன் தேறும்?

எடுக்கும் பவுனை முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. போடும் பவுனை மட்டும் கணக்குப் போடலாம்: விமானக் கட்டணம், டிரெட்ஜ், பெட்ரோல், சாப்பாடு, உரிமம். இந்தக் கணக்கை எழுதி, அந்தப் பணம் திரும்பாவிட்டாலும் குடும்பம் தள்ளாடாது என்றால் மட்டும் கிளம்புங்கள். கடன் வாங்கிப் போகவே போகாதீர்கள். கடன்பட்டவன் மழையிலும் பெருகும் ஆற்றிலும் இறங்கி வேலை செய்வான். விபத்து நடப்பது அப்படிப்பட்ட நாளில்தான்.

கணக்கு தப்பிய பழைய கதை ஒன்று. அலாஸ்காவில் ஃபார்ட்டிமைல் ஆற்றின் வடகிளையில் ‘கிங்க்’ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஆறு பெரிய வளையமாகச் சுற்றி, ஒரு மலைமுதுகின் மறுபக்கத்துக்கே வந்து சேரும். அந்த முதுகை வெடிவைத்துப் பிளந்து ஆற்றைத் திருப்பிவிட்டால், வளையம் முழுவதும் வறண்டு தங்கம் கையோடு வரும் என்று ஒரு கூட்டம் கணக்குப் போட்டது. 1904இல் வேலையும் முடிந்தது. நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஆற்றுப்படுகை காய்ந்து கிடந்தது. தேறிய தங்கம் சொற்பம், இடத்தைக் கைவிட்டுப் போனார்கள். பிளந்த மலையும் வறண்ட வளையமும் இன்றும் இருக்கின்றன.

அவர்கள் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள். பெரிய குழி தோண்டுமுன் பல இடங்களில் சின்னக் குழி போட்டுப் பாருங்கள். வளைவின் உட்புறம், பெரும்பாறைகளின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்புகள் ஆகிய இடங்களில்தான் ஆறு தன் வேகத்தைக் குறைத்துக் கனமானதைக் கீழே போடும். மூன்று குழியிலும் ஒன்றும் இல்லையா? நான்காவதை அதே இடத்தில் ஆழமாக்காதீர்கள். இடம் மாறுங்கள்.

திருப்பூர், கல்லூரி மாணவர்: டிவி தொடரில் வாரத்துக்கு வாரம் தங்கம் கொட்டுகிறதே?

எடிட்டர் வெட்டிப் போட்ட பகுதியில்தான் உங்கள் பயணம் நடக்கும்.

சென்னை, ஐ.டி. ஊழியர்: ஃபார்ட்டிமைலையே ஏன் சொல்கிறீர்கள்? எப்போது போக வேண்டும்?

யூகானின் க்ளோண்டைக் தங்கத்தால் புகழ்பெறுவதற்குப் பத்து வருடம் முன்பே, 1886இல், தங்கம் கண்ட ஆறு அது. பெரும்பகுதி அலாஸ்காவிலும் மீதி யூகானிலும் ஓடுகிறது. சிக்கன் என்கிற சிற்றூர் வரை டெய்லர் நெடுஞ்சாலையில் வண்டியிலேயே போகலாம். முதல் பயணத்துக்கு நான் அதைச் சொல்லக் காரணம் இந்தச் சாலைதான். அடிபட்டால் வெளியேற ஒரு வழி இருக்கிறது. குளிர்காலத்தில் சாலையை மூடிவிடுவார்கள். மே மாதம் பனிக்கட்டி உடைந்து ஆறு பொங்கும். ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை வேலைக்கு உகந்த காலம்.

அந்தக் காலத்தின் முற்பாதியில் ராத்திரி சரியாக இருட்டாது என்பதையும் கவனத்தில் வையுங்கள். வெளிச்சம் இருக்கிறதே என்று பதினாறு மணி நேரம் உழைப்பார்கள். களைத்த கைதான் வால்வைத் தவறாகத் திருகும். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

டொராண்டோ, வாசகி: அங்கே போய் ஒரு இடத்தைப் பிடித்துத் தோண்டிவிடலாமா? உரிமம் தேவையா?

ஆள் இல்லாத கரைக்கு உரிமையாளர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆறு நெடுகப் பலர் உரிமம் பதிந்து வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் எல்லைக்குள் தட்டு வைத்து அலசினாலும் திருட்டுதான்.

அமெரிக்க மத்திய அரசு நிலத்தில் 1872ஆம் வருடச் சுரங்கச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதன்படி உரிமம் பதிய அந்நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது குடிமக்களாகும் எண்ணத்தை முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போகிறவர் உரிமம் வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கலாம், அல்லது கட்டணம் கட்டி அலச விடும் இடத்துக்குப் போகலாம். அலாஸ்கா மாநில நிலத்தில் குழாய்வாய் 6 அங்குலத்துக்கும் என்ஜின் 18 குதிரைத் திறனுக்கும் மேற்படாத சிறு டிரெட்ஜுகளுக்குக் கெடுபிடி குறைவு. ஆனால் மீன்வளத் துறையின் அனுமதி தனியாக வேண்டும். ஒரே ஆற்றில் கரை ஓர் அலுவலகத்தின் பொறுப்பாகவும் படுகை இன்னொன்றின் பொறுப்பாகவும் இருக்கக்கூடும். இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

மீன்வளத் துறையைத் தொல்லையாக நினைக்காதீர்கள். மீன்கள் முட்டையிடுவது நாம் உறிஞ்சும் அதே ஜல்லியில்தான். முட்டைக் காலத்தில் குழாயை இறக்கினால் ஒரு தலைமுறையே ஸ்லூயிஸ் பெட்டி வழியாகப் போய்விடும். கரையைக் குடைவதும் கூடாது, சேறு கீழாறு முழுவதையும் கலக்கிவிடும். கலிபோர்னியா 2009இல் டிரெட்ஜை நிறுத்திவைத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் அரசின் பக்கமே தீர்ப்பானது. ஆற்றை மதிக்காமல் தோண்டினால் மற்ற இடங்களிலும் அதுதான் நடக்கும், அது நியாயமும் கூட.

கனடாவில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு யோசனை. யூகானில் டாசன் அருகே பொனான்சா ஓடையில் ‘ஆறாம் எண் க்ளெய்ம்’ என்ற இடத்தில் சொந்தத் தட்டோடு போனால் இலவசமாக அலசலாம். குழந்தைகளோடு முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கூடலூர், வாசகர்: இவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் தேவாலாவிலேயே தங்கம் இருக்கிறதே?

இருக்கிறது. 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கி, மலைமேல் இயந்திரங்களை ஏற்றி, சில வருடங்களிலேயே கவிழ்ந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரஃ ஸ்மித் அந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதிய அறிக்கையும் 1880இல் வெளியானது. அந்தப் பழைய சுரங்கங்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் மண் சரிந்து செத்திருக்கிறார்கள். தாங்கும் மரம் மக்கிய சுரங்கம் அது. உங்கள் ஊர்ப் பையன்களிடம் நீங்களே சொல்லுங்கள், உள்ளே போக வேண்டாம் என்று.

நாகப்பட்டினம், மீனவர்: எனக்குக் கடலே பயமில்லை. முட்டளவு ஆற்றுக்கு எதற்கு இத்தனை எச்சரிக்கை?

ஐயா, உங்கள் கடல் வெதுவெதுப்பானது. வித்தியாசம் அங்கேதான். ஃபார்ட்டிமைல் பக்கத்தில் மண்ணுக்கு அடியில் பல இடங்களில் நிரந்தர உறைபனி. அதன்மேல் வழிந்து வரும் தண்ணீர் ஜூலையிலும் எலும்பைக் குத்தும்.

குளிர்நீரில் விழுந்தவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. திணறி இழுக்கும்போது தலை நீருக்குள் இருந்தால் முடிந்தது. அதற்கடுத்த சுமார் பத்து நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குள் கரையேற வேண்டும். பிறகு நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். நன்றாக நீந்துகிறவர் குளிர்ந்த ஆற்றில் மூழ்குவது நீச்சல் மறந்து அல்ல. கை மடங்க மறுக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மிதவை அங்கி.

மழை பெய்தால் அந்த உறைபனி நிலம் தண்ணீரைக் குடிக்காது. மேலாற்றில் பெய்தது உங்கள் முகாமுக்கு வேகமாக வந்து சேரும். தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் போடுங்கள். தண்ணீர் குச்சியில் ஏறினால், நிறம் மாறினால், சருகும் கட்டையும் மிதந்து வந்தால், குழாயைச் சுருட்டி டிரெட்ஜைக் கரையில் கட்டுங்கள். கூடாரம் எப்போதும் மேட்டில்.

கரையிலிருந்து சாய்ந்து ஆற்றுக்குள் கிடக்கும் மரத்தைக் கண்டால் தூரத்திலேயே விலகுங்கள். கிளை வழியாகத் தண்ணீர் போகும், ஆள் போக மாட்டார். வேகமான நீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீரோட்டமே தலையை அமுக்கிவிடும். மல்லாந்து, காலைக் கீழாற்றுப் பக்கம் நீட்டி, கரையைப் பார்த்துக் கையால் துழாவுங்கள்.

கடலைப் பழகியவர் ஆற்றை எளிதில் பழகுவார். முதல் வாரம் மட்டும் புதியவராக இருங்கள்.

திண்டுக்கல், வாசகர்: குளிருக்கு இரண்டு பெக் போட்டால் உடம்பு சூடாகாதா?

தோல் சூடாகும், உள்ளுறுப்பு குளிரும். நடுங்குகிறவருக்கு ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த கம்பளி சுற்றி, மார்பையும் கழுத்தையும் சூடாக்குங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான பானம். கை காலைத் தேய்க்காதீர்கள். உளறலோடு நடுக்கம் நின்றுபோனால் அது குணமல்ல, உடனே உதவி கேளுங்கள். பருத்தி உடையை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள், நனைந்தால் அது உடம்புச் சூட்டைத் திருடும்.

ராமநாதபுரம், சங்கு குளித்த குடும்பத்தைச் சேர்ந்தவர்: நீருக்கடியில் மூச்சுக்கு என்ன ஏற்பாடு? எவ்வளவு ஆழம்?

என்ஜினோடு ஒரு சின்ன கம்ப்ரசர் பூட்டியிருக்கும். அதிலிருந்து நீண்ட காற்றுக்குழாய், வாயில் ரெகுலேட்டர். பெரும்பாலும் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம்தான் ஆழம். அந்த ஆழத்துக்கு என்ன ஆகிவிடும் என்று நினைப்பதுதான் வினை. மூன்று ஆபத்துகளைச் சொல்கிறேன், மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, புகை. என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு கம்ப்ரசரின் காற்றுவாய்க்குள் போனால் அது நேரே உங்கள் நுரையீரலுக்கு. அதற்கு வாசனை இல்லை. தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம், அதுவும் நீருக்கடியில். காற்றுவாயைப் புகைக்கு எதிர்க்காற்றுப் பக்கம், உயரமாகக் குழாய் போட்டு வையுங்கள். காற்று திசை மாறினால் நிறுத்தி மாற்றி வையுங்கள்.

இரண்டாவது, மூச்சு. உங்கள் முன்னோர் மேலேயே மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்கி, அதை அடக்கியபடியே மேலே வந்தார்கள், அது சரி. இங்கே நீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கிறீர்கள். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். ஆள் உயர ஆழத்திலும் இது நடக்கும். என்ஜின் நின்றால் சேமிப்புத் தொட்டியில் சில மூச்சுக்குத்தான் காற்று. மூச்சை விட்டபடியே ஏறுங்கள். எடைப்பட்டி ஒரே இழுப்பில் கழல வேண்டும்.

மூன்றாவது, பாறை. இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும். குழாய் ஜல்லியை இழுக்க இழுக்க, அதில் உட்கார்ந்திருந்த பெரும்பாறையின் பிடி போகும். தங்கம் கிடக்கும் அடிப்பாறையும் அந்தப் பாறைக்குக் கீழேதான் தொடர்கிறது. இன்னும் ஒரு சாண், இன்னும் ஒரு சாண் என்று கை நீளும். பாறை சத்தம் போடாமல் இறங்கும். தண்ணீர் அதன் எடையைக் குறைத்துக் காட்டும், அமுக்கினால் ஓர் ஆளால் நகர்த்த முடியாது. ஆகவே குழியின் சுவர் செங்குத்தாக இருக்கக் கூடாது, அகன்று சரிவாக இருக்க வேண்டும். மேலே நிற்கும் பாறையை முதலில் கைவின்ச்சால் இழுத்து, தோண்டி முடித்த பகுதியில் உருட்டிவிட்டுத்தான் கீழே வேலை. அதை உருட்ட முடியவில்லை என்றால் அதன் அடியிலுள்ள தங்கம் ஆற்றுக்கே சொந்தம்.

மேலே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். கயிற்றை எத்தனை முறை இழுத்தால் என்ன அர்த்தம் என்று கரையிலேயே பேசி முடிவுசெய்துவிடுங்கள்.

கோவை, வாசகி: சரி, கரடி?

வந்துவிட்டது. பழுப்புக் கரடியும் கருங்கரடியும் அங்கே உண்டு. கரடி வருவது உங்களுக்காக அல்ல, உங்கள் சாப்பாட்டுக்காக. சமைக்குமிடமும் உணவு வைக்குமிடமும் கூடாரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி. பற்பசை, சோப்பு, மீன் கழுவிய சட்டை எல்லாமே சாப்பாட்டுக் கணக்குதான். கரடி திறக்க முடியாத டப்பாக்களில் பூட்டுங்கள்.

புதருக்குள் பேசிக்கொண்டே நடங்கள். எதிரே கண்டால் ஓடாதீர்கள், உங்களால் அதை முந்த முடியாது. கரடி ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல. பாய்ந்து வரும்போது சுமார் பத்து மீட்டரில் அதன் முகத்துக்கு முன்னால் ஒரு மேகம் போல அடியுங்கள். கூடாரத்தின் மேல் முன்கூட்டியே அடித்து வைப்பது தவறு, காய்ந்த மிச்சத்தின் வாசனை கரடியை அழைக்கும். மிரண்டுபோன பழுப்புக் கரடி மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கையால் மூடி அசையாமல் கிடங்கள். கருங்கரடி தாக்கினால் கையில் கிடைத்ததால் அதன் முகத்தில் திருப்பி அடியுங்கள்.

ஈரோடு, வாசகர்: மூஸ் மான் சாதுதானே?

கன்றோடு நிற்கும்போது அல்ல. அலாஸ்காவில் கரடியைவிட மூஸிடம் காயப்படுகிறவர்கள் அதிகம். இதனிடம் ஓடலாம், ஓட வேண்டும். ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.

தூத்துக்குடி, வாசகர்: எவ்வளவு சாப்பாடு கொண்டுபோவது? சிறுவிமானத்தில் எடை தருவார்களா?

திட்டமிட்ட நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வையுங்கள். மேகம் இறங்கினால் சிறுவிமானம் வராது. வரச்சொல்லி விமானியை வற்புறுத்தவும் கூடாது. 1898இல் க்ளோண்டைக்குக்குப் போனவர்களிடம் ஓராண்டு உணவு இருந்தால்தான் கனடாப் போலீஸ் மலைக்கணவாயில் உள்ளே விட்டது. கருவிகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன். சில்கூட் கணவாயில் அதை முதுகில் தவணை தவணையாக ஏற்றினார்கள். அந்தக் கெடுபிடியால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ.

விமானி உங்களையும் சேர்த்துத் தராசில் நிறுத்துவார். பெட்ரோலும் கரடி ஸ்பிரேயும் இருப்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பிரே உள்ளே கசிந்தால் விமானியால் கண்ணைத் திறக்க முடியாது. ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள். ஜியார்டியா கண்ணுக்குத் தெரியாது.

புதுச்சேரி, வேதியியல் ஆசிரியை: வெள்ளி பூசினாற்போல் தங்கம் கிடைத்ததாக ஒருவர் படம் காட்டினார். அது என்ன?

பாதரசம். பழைய காலத்தில் தங்கத்தைப் பிடிக்க ஊற்றியது ஆற்றடியில் இன்னும் கிடக்கிறது, கலிபோர்னியா ஆறுகளில் மிக அதிகம். அதை முகாம் அடுப்பில் காய்ச்சி விரட்டப் பார்க்கிறார்கள். அந்த ஆவி நரம்பைத் தாக்கும். தனி டப்பாவில் மூடி, முறையாகச் சுத்தம் செய்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் மாணவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், வாசகர்: யாருமில்லாத காடுதானே, யாரைக் கேட்க வேண்டும்?

யாருமில்லாத காடு அல்ல. அது ஹான் மக்களின் நிலம். 1896இல் க்ளோண்டைக்கில் தங்கம் கண்டதும் வந்த கூட்டம், ஹான் மக்களில் ஒரு பிரிவான ட்ரோண்டெக் ஹ்வெச்சின் மக்களின் மீன்பிடி முகாமை விழுங்கியது. அவர்களின் தலைவர் ஐசக் தம் மக்களைக் கீழாற்றில் மூஸ்ஹைடு என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடும் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவிலிருந்த உறவினர்களிடம் காப்பாற்றி வைக்கக் கொடுத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவை திரும்பி வந்தன. ட்ரோண்டெக்-க்ளோண்டைக் 2023இல் உலகப் பாரம்பரியக் களமானது இந்தக் கதைக்காகத்தான். அவர்களின் மீன்பிடி முகாம், கல்லறை, பழைய குடில் எதையும் தொடாதீர்கள். போகுமுன் அனுமதி கேளுங்கள்.

திருநெல்வேலி, வாசகி: என் கணவர் தனியாகவே போகிறேன் என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

தனியாக வேண்டாம் என்று சொல்லுங்கள், அம்மா. மேலே ஆள் இல்லாமல் நீருக்கடியில் வேலை செய்வது எந்த அனுபவசாலிக்கும் சரியல்ல. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

துணையோடு போகிறார் என்றால் அவரிடம் ஒரு தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆறு, எந்தக் கிளை, வரைபடத்தில் முகாமின் புள்ளி, கூட வருகிறவர்களின் பெயர், விமானியின் எண், திரும்பும் தேதி, அதற்கு மேல் எத்தனை நாள் பொறுப்பது என்ற கெடு. செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியும் ஒன்று வேண்டும். அதை அமெரிக்காவிலேயே வாடகைக்கு எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தவர்கள் விமான நிலையத்தில் கைதாகியிருக்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் ‘நலம்’ என்று ஒரு செய்தி வரட்டும். ஒரு நாள் வராவிட்டால் பதறாதீர்கள், பேட்டரி தீர்ந்திருக்கலாம். நீங்கள் இருவரும் பேசிவைத்த கெடு தாண்டினால் மட்டும் தயங்காமல் அலாஸ்கா மாநிலப் போலீசை அழையுங்கள், தேடி மீட்கும் பொறுப்பு அவர்களுடையது. அந்தத் தாளில் உள்ளதை வரிசையாகப் படித்துக்காட்டுங்கள். அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளும் அவைதான்.